டிஸ்கிரிப்டர்: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை எங்கள் கல்லூரியில் முதுகலை உளவியல் மாணவர்களுக்கு நூலகப் பயிற்சி. சமூக உளவியலில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஏழு பக்கம் முடிந்துவிட்டது. எட்டாம் பக்கம் ஒரு சொல்லில் நிற்கிறது.

மாணவர் தன் மனத்தில் தோன்றுவதைத் தட்டித் தேடுவதைக் 'குறிச்சொல் தேடல்' என்று எழுதிவிட்டேன். தரவுத்தளத்தில் இன்னொரு வகைச் சொல்லும் இருக்கிறது. கட்டுரையைப் படித்துப் பார்த்த ஒருவர், முன்பே வகுத்துவைத்த பட்டியலிலிருந்து எடுத்து அதற்குச் சூட்டும் சொல். அமெரிக்க உளவியல் சங்கம் 1974இல் இப்படி ஒரு பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. அதில் உள்ள சொல்லை ஆங்கிலத்தில் டிஸ்கிரிப்டர் என்கிறார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், சென்ற ஆண்டு வதந்தி பற்றி ஆய்வு செய்ய வந்த மாணவி ஒருவர், "இந்தியாவில் பழைய ஆய்வு ஒன்றுமே இல்லை போலிருக்கிறது, ஐயா" என்றார். 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளைப் பற்றி ஜமுனா பிரசாத் எழுதி 1935இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வந்த கட்டுரை அவர் கண்ணில் படவில்லை. ஒன்றோடொன்று ஒவ்வாத எண்ணங்களை மனம் இசைவாக்கப் பார்க்கும் என்ற முரண்பாட்டுக் கொள்கையை அமெரிக்க உளவியலாளர் பெஸ்டிங்கர் எழுப்பியபோது கையில் எடுத்துக்கொண்ட கட்டுரை அது! மாணவி தட்டியது வதந்திக்கான ஆங்கிலச் சொல்லின் அமெரிக்க எழுத்துக்கூட்டல் (rumor). தலைப்பில் இருந்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் (rumour). நடுவில் ஒரே ஓர் எழுத்துத்தான் கூடுதல். பட்டியற்சொல்லைப் பிடித்துத் தேடினால் எழுத்துக்கூட்டல் வழிமறிக்காது. அந்தச் சொல்லுக்கு ஒரு பெயர் தாருங்கள்.

ம.ச., கல்லூரி நூலகர், திருநெல்வேலி

*

அன்புள்ள ம.ச.,

புதிதாக ஆக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் உரியியலின் முதல் நூற்பாவிலேயே உங்கள் கையேட்டின் எட்டாம் பக்கத்தை எழுதிவைத்திருக்கிறார்:

"ஒருசொல் பலபொருட்கு உரிமை தோன்றினும்
பலசொல் ஒருபொருட்கு உரிமை தோன்றினும்
பயிலா தவற்றைப் பயின்றவை சார்த்தி"

உங்கள் மாணவிக்கு வந்த இடர் 'பலசொல் ஒருபொருட்கு உரிமை'. உங்கள் பட்டியல் செய்யும் வேலை 'பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்துதல்', அதாவது பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்துக் காட்டுதல். நன்னூலாரும் "பிங்கல முதலா நல்லோர் உரிச்சொல்" என்று, சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த பழைய நூல்களான நிகண்டுகளையே உரிச்சொல் என்கிறார். ஆகவே பட்டியல் உரிச்சொற்பனுவல். அதில் உள்ள சொல் உரிச்சொல். 'நிகண்டு' வடசொல், அது வேண்டாம்.

இ.த., தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

*

இ.த. ஐயாவுக்கு வணக்கம். அந்த நூற்பாவை இந்த இடத்தில் பொருத்திப் பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் சொல்லை ஏற்க முடியவில்லை. உரிச்சொல் என்றதும் நம் பிள்ளைகளின் வாயில் வருவது 'சால, உறு, தவ, நனி, கூர், கழி'. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த ஆறும் இருக்கும் இடத்தில் வேறொன்றை உட்கார வைப்பது எளிதன்று. தரவுத்தளத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு இலக்கணத் தேர்வு நினைவுக்கு வரும்.

நம் பதிப்பாசிரியர்கள் சொல்லடைவு, பொருளடைவு என்று நூற்பின்னிணைப்பில் தலைமுறை தலைமுறையாக எழுதிவருகிறார்கள். அதிலிருந்து 'அடைவுச்சொல்' என்று எடுத்துக்கொள்ளலாமே.

க.வி., மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

*

அடைவு வேண்டவே வேண்டாம். எங்கள் துறையில் 'அடைவூக்கம்' என்றால் சாதிக்க வேண்டும் என்ற உந்துதல். கல்வியியலில் 'அடைவுத் தேர்வு' வேறு இருக்கிறது. 'அடைவுச்சொல்' என்று பார்த்ததும் என் மாணவர்கள் அந்த ஊக்கத்தை ஆராய்ந்த மெக்லெலண்டைத் தேடிப் போவார்கள்.

'டிஸ்கிரிப்டர்' என்றே தமிழெழுத்தில் போடுங்கள் என்பது என் வேண்டுகோள். திரையில் அந்தச் சொல்தான் இருக்கப்போகிறது. கையேட்டில் ஒன்று, திரையில் ஒன்று என்றால் மாணவர் எதைச் சொடுக்குவார்? தமிழ் வழியில் பட்டம் பெற்று வந்து, கூச்சத்தால் நூலகரிடம் ஒரு கேள்வி கேட்காமலே இரண்டு ஆண்டுகளைக் கழித்த மாணவர்களை எனக்குத் தெரியும். நாம் சூட்டும் பெயர் அவர்களுக்கு இன்னொரு பூட்டாகக் கூடாது.

பா.ர., உளவியல் பேராசிரியர், மதுரை

*

பா.ர. அம்மாவுக்கு,

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நாங்கள் இங்கே விலங்கியலும் வேதியியலும் தமிழிலேயே படித்தோம். முதல் வாரம் கடினமாக இருந்த சொல் மூன்றாம் வாரம் வீட்டுச் சொல் ஆகிவிடும். பூட்டாவது சொல்லன்று, அதை விளக்காமல் விடுவதுதான்.

இன்னொன்று. 'வதந்தி' என்ற சொல்லை எல்லாரும் கேள்வியின்றி எடுத்துக்கொண்டீர்கள். அகப்பாடல்களில் அம்பலும் அலரும் இருக்கின்றனவே. சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், அது மொட்டு. பலர் அறியப் பேசுவது அலர், அது மலர்ந்தது. அது பரவும் வேகத்தை வள்ளுவர் "அலர்மன்னும் திங்களைப் பாம்புகொண் டற்று" என்கிறார். கண்டது ஒரு நாள்தான்; பேச்சோ கிரகணம் போல ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு செய்தி பரவும் படிநிலைகளுக்கு இரு சொற்களை வைத்திருந்த மொழி இது. கையேட்டில் 'அலர்' என்று எழுதுங்கள்.

சி.ந., ஆசிரியர் (ஓய்வு), யாழ்ப்பாணம்

*

சி.ந. ஐயா, அழகான சொற்கள். ஆனால் அலர் எப்போதும் ஒருவனையும் ஒருத்தியையும் பற்றியது. சமூக உளவியல் இங்கே ஒரு கோடு கிழிக்கிறது. ஆட்களைப் பற்றிய பேச்சு ஒன்று. உறுதியாகத் தெரியாத நிகழ்வைப் பற்றிய பேச்சு இன்னொன்று. பீகாரில் நில அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் காணாத ஊர்களில், 'இதைவிடப் பெரியது வரப்போகிறது' என்று பேசிக்கொண்டார்கள். ஏற்கெனவே உள்ள அச்சத்துக்குப் பொருந்தும் காரணத்தை மக்கள் தேடிக்கொண்டார்கள் என்று பெஸ்டிங்கர் அதைப் படித்தார். அது அலர் அன்று, வதந்தி. அலரை முதல் வகைக்கு வைத்துக்கொள்ளலாம்; மனமுவந்து வைத்துக்கொள்வேன்.

பா.ர.

*

நான் நாற்பது ஆண்டு நூலகத்தில் இருந்தவன். நூற்பட்டியலை அட்டைகளில் எழுதி இழுப்பறைகளில் அடுக்கிவைத்த காலத்தில் எல்லா அட்டைகளிலும் நூலின் பெயர் இராது. சிலவற்றில் மேலே ஒரு சொல், கீழே 'காண்க' என்று எழுதி இன்னொரு சொல், அவ்வளவுதான். வாசகர் தவறான இழுப்பறையைத் திறந்தாலும் அந்த அட்டை கைப்பிடித்துச் சரியான இழுப்பறைக்குக் கூட்டிப்போகும். விரல் பட்டுப் பட்டு அந்த அட்டைகளின் மேல் விளிம்புதான் முதலில் கறுத்துப்போகும். 'வாசகரின் நேரத்தைச் சேமியுங்கள்' என்பது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அந்த அட்டைகள் அதைத்தான் செய்தன.

கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். நூல்களைத் துறைவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் உளவியல் 150இல் இருக்கிறது. சமூக உளவியல் நூல்களில் பெரும்பகுதி 302இல் போய் நிற்கும். 150 அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலர். இதழ்களிலும் அப்படித்தான். மனப்பான்மையும் செயலும் ஒத்துப்போவதில்லை என்று அமெரிக்கச் சமூகவியலாளர் லாபியர் 1934இல் காட்டிய கட்டுரை வந்தது ஒரு சமூகவியல் இதழில்.

சொல்லுக்கு வருகிறேன். நூலகத்தில் 'பொருள் தலைப்பு' என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதன் தம்பியாகப் 'பொருட்சொல்' என்று வைக்கலாம்.

வே.கு., நூலகர் (ஓய்வு), சென்னை

*

வே.கு. அவர்களுக்கு: "எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே" என்பது தொல்காப்பியம். அப்படியிருக்க, பொருட்சொல் அல்லாத சொல் எது? ஒரு வகையை மற்றதிலிருந்து பிரிக்காத பெயர், பெயராகாது. உரிச்சொல் பிரிக்கிறது: இந்தப் பொருளுக்கு இந்தச் சொல்லே உரியது என்கிறது. பள்ளியில் ஆறு சொற்களோடு நிறுத்திவிட்டது பாடத்திட்டத்தின் குறை. அதற்காகத் தொல்காப்பியரைக் கைவிடுவதா?

இ.த.

*

இ.த. ஐயா, இங்கே பொருள் என்பது அர்த்தம் அன்று, ஆய்வுப்பொருள். பேச்சுப்பொருள், பாடுபொருள் என்கிறோமே, அந்தப் பொருள். எனக்கு அடைவுச்சொல் மேல் பிடிவாதம் இல்லை. பொருட்சொல்லுக்கு என் ஒப்புதல்.

க.வி.

*

யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒப்புதல். பட்டியலை 'நிகண்டு' என்றே சொல்லுங்கள். சூடாமணி நிகண்டை மனனம் செய்து வந்த மரபு எங்களுடையது. அது எந்த மொழியிலிருந்து வந்தாலும் எங்கள் வீட்டுச் சொல்தான்.

சி.ந.

*

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். எட்டாம் பக்கத்தை இப்படி முடித்திருக்கிறேன்: 'திரையில் டிஸ்கிரிப்டர் என்று தெரியும் இடத்தைச் சொடுக்குங்கள். அங்கே உள்ளவை பொருட்சொற்கள். அவை நிகண்டிலிருந்து எடுத்துச் சூட்டப்பட்டவை. நேற்றுப் பிறந்த கருத்துக்குப் பொருட்சொல் இன்னும் அமைந்திராது. அப்போது குறிச்சொல்லால் தேடுங்கள்.' 302 பற்றிய வரியும் சேர்ந்துவிட்டது. இ.த. ஐயாவின் நூற்பாவைப் பக்கத்தின் தலையில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். மாணவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். எல்லாருக்கும் நன்றி.

ம.ச.

*

நூற்பாவை இட்டதற்கு நன்றி. கையேட்டின் சொல்லை நான் ஏற்கவில்லை. நூற்பாவைத் தலையில் வைத்துவிட்டு அதன் கீழே உரிச்சொல்லை மறுப்பது பொருந்தவில்லை. என் குறிப்புகளில் உரிச்சொல் என்றே எழுதுவேன். இரண்டாம் பதிப்பு வரும்போது எனக்கு எழுதுங்கள்.

இ.த.