மறு: பந்தயக் குதிரையின் வொர்க்அவுட்டுக்கு என்ன சொல்?

வணக்கம். அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் வரும் 'வொர்க்அவுட்', 'பேட்டர்ன்', 'புல்லட் வொர்க்', 'பிரீசிங்' என்ற சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி. முதலில் 'வொர்க்அவுட்'.

பேசாமல் 'உடற்பயிற்சி' என்று போட்டுவிடலாமே என்று தம்பி கேட்டிருந்தார். சரிவராது தம்பி. குதிரை தினமும் விடியற்காலையில் மெதுமெதுவாக ஓடுவதும் உடற்பயிற்சிதான், அதற்கு யாரும் நேரம் குறித்து அச்சிடுவதில்லை. அமெரிக்கப் பந்தயத் தாள்களில் வொர்க்அவுட் என்று வருவது வேறு: இன்ன திகதி, இன்ன தடம், இத்தனை பர்லாங், இவ்வளவு நேரம் என்று கடிகாரத்தோடு ஆள் நின்று எழுதியது. ஒரு பர்லாங் 220 யார் (கெஜம்). ஐந்து பர்லாங்கை ஒரு நிமிடத்தில் முடித்தால் பர்லாங்குக்கு 12 செக்கன், அது நல்ல ஓட்டம்.

'வெள்ளோட்டம்' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் புதுத் தேருக்கு வெள்ளோட்டம் ஒரு தடவைதானே, இந்தக் குதிரைகளோ வாராவாரம் ஓடுகின்றன.

என் தெரிவு 'வையாளி'. குதிரையை ஏறி ஓட்டுவதற்குப் பழைய சொல், அகராதியில் இருக்கிறது, ஓட்டும் இடத்துக்கு வையாளி வீதி என்று பெயர். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைக் குதிரை வாகனத்தில் வைத்து முன்னும் பின்னுமாக ஓடிக் காட்டுவதையும் வையாளி என்றுதான் சொல்கிறார்கள், ஆகவே செத்த சொல் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

அடுத்தது 'பேட்டர்ன்', அதாவது ஒரு குதிரையின் வொர்க்அவுட்கள் அடுத்தடுத்து அமையும் விதம். இங்கே இலங்கையில் பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில் எண் கோலம் என்று படித்தோம், அதனால் எனக்கு 'வையாளிக்கோலம்' உறுத்தவில்லை. உதாரணத்துக்கு, ஒரு பயிற்றுவிப்பாளர் வாரம் ஒன்றாக நாலு, ஐந்து, ஆறு பர்லாங் என்று ஏற்றிக்கொண்டு போய், பந்தயத்துக்குச் சில நாள் முன்பு மூன்று பர்லாங் மட்டும் சுருக்கமாக ஓடவிட்டு நிறுத்துகிறார் என்று வையுங்கள். தூரம், இடைவெளி, வேகம், கடைசி ஓட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் கோலம். வேகம் மட்டும் அல்ல.

இந்தப் பேட்டர்னுக்கு 'வெற்றிக்கோலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே கோலத்தோடு வந்து தோற்ற குதிரைகளையும் எண்ணினால்தானே அந்தக் கோலத்துக்கு ஏதாவது பெறுமதி உண்டா என்று தெரியும்? என் மாமா வெள்ளவத்தையில் புக்கிக்கு, அதாவது பந்தயம் கட்டும் கடைக்கு, போய்வந்த காலத்தில், இங்கிலாந்துப் பந்தயங்களில் வென்ற குதிரைகளின் விபரத்தை மட்டும் பேப்பரில் இருந்து வெட்டி ஒரு சீஆர் கொப்பியில் ஒட்டி, ஓரத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்திருப்பார். கொப்பி தடித்துக்கொண்டே போனது, பேர்ஸ் மெலிந்துகொண்டே போனது. தோற்றதை ஒட்ட ஒரு பக்கம்கூட அவர் ஒதுக்கவில்லை. பெயரிலேயே வெற்றியைச் செருகினால் நாமும் அந்தக் கொப்பியைத்தான் எழுதுவோம்.

'புல்லட் வொர்க்' விஷயம் சிரிப்பு. 'தோட்டா ஓட்டம்' என்று நானே முன்பு மொழிபெயர்த்தேன், மன்னிக்கவும். அன்றைக்கு அந்தத் தடத்தில் அந்தத் தூரத்தை எல்லாரிலும் வேகமாக ஓடிய குதிரையின் நேரத்துக்கு அருகே அச்சில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார்கள், அந்தப் புள்ளிதான் புல்லட், துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'கரும்புள்ளி' என்றால் முதலாவதாக வந்த குதிரையைக் கழுதையில் ஏற்றியது மாதிரி ஆகிவிடும். 'பொட்டு வையாளி' என்று வைப்போமா? பொட்டு வாங்கிய குதிரை பந்தயத்தில் வெல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, சில பயிற்றுவிப்பாளர்கள் வேகத்தைப் பந்தய நாளுக்கென்று மிச்சம் பிடிப்பார்கள்.

இதெல்லாம் யாருக்கு என்று கேட்ட அண்ணைக்கு: கொழும்பில் 1893 இல் திறந்த ரேஸ்கோர்ஸில் இன்று கடைகளும் ரக்பியும்தான், உண்மை. ஆனால் நுவரெலியாவில் ஏப்ரலில் இன்னும் குதிரை ஓடுகிறது.

மிச்சம் இருப்பது 'பிரீசிங்'. ஏறியிருப்பவர் விரட்டாமல் குதிரையை அதன் போக்கில் ஓடவிடுவது. 'விட்டோட்டம்' என்று குறித்து வைத்திருக்கிறேன், எனக்கே திருப்தியில்லை. வேறு சொல் அகப்பட்டால் எழுதுங்கள்.