கூந்தன்குளத்து வாத்தும் மொட்டை மாடிக் காக்கையும்

பாளையங்கோட்டையிலிருந்து:

மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஜனவரி மாதம், விடியுமுன்பே கிளம்பி மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வரித்தலை வாத்துகள் தண்ணீர் ஓரத்தில் கூட்டமாக நின்றன. இமயமலையைத் தாண்டி வந்த பறவைகள். வெள்ளைத் தலையின் பின்பக்கம் அந்த இரண்டு கருப்புப் பட்டைகளை வியூஃபைண்டரில் நிறைத்துப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. கொஞ்சம் வெயில் ஏறியதும் ஐம்பது அறுபது வாத்துகள் ஒன்றாக எழும்பின. பறவையின் கண் மேல் உட்கார்ந்த சின்னச் சதுரம், அதாவது ஃபோகஸ் பிடித்திருக்கும் இடம், கடைசி வரை நகரவில்லை. விரலை எடுக்காமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் கணினியில் திறந்தால் கண், அலகு, பட்டை எல்லாம் துல்லியம். இறக்கைகள் மட்டும் ரப்பரைப் பிடித்து இழுத்ததுபோல வளைந்திருந்தன. ஷட்டர் வேகம் 1/3200 விநாடி வைத்திருந்தேன், அசைவு தெரியாத அளவு வேகம். அப்படியும் எப்படி என்று இரண்டு நாள் புரியவில்லை.

காரணம் எலக்ட்ரானிக் ஷட்டர், அதாவது திரை எதுவும் அசையாமல் சத்தமின்றிப் படம் எடுக்கும் முறை. அதில் படத்தைப் பதியும் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஒவ்வொரு வரியும் 1/3200 விநாடியில் பதிந்ததுதான். ஆனால் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே உள்ள நேரத்தில் வாத்து சிறகை அடித்துவிடுகிறது. வேகத்தை இன்னும் கூட்டினாலும் வளைவு போகாது. ஸ்டாக்டு சென்சார் (அடுக்கடுக்காகச் செய்த வேகமான சென்சார்) உள்ள நிக்கான் இசட்8, ஓஎம்-1 போன்ற கேமராக்கள் மிக வேகமாகப் படிப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. விலை அதற்குத் தகுந்தாற்போல இருக்கும். என்னைப்போலச் சாதாரண சென்சார் வைத்திருப்பவர்கள் பறக்கும் பறவைக்கு, திரை நிஜமாகவே திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிட வேண்டும். விநாடிக்குக் கிடைக்கும் படங்கள் குறையும், பரவாயில்லை, சிறகு சிறகாக இருக்கும். கடையில் விநாடிக்கு எத்தனை படம் என்றுதான் சொல்கிறார்கள். அது எந்த ஷட்டரில் என்று கேளுங்கள்.

அப்புறம் நான் செய்ததுதான் உண்மையில் பலன் தந்தது. வீட்டில் தினமும் மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். ஒரு மாதம் காலையில் கேமராவோடு அங்கேயே நின்றேன். கருப்பு உடம்பில் கருப்புக் கண். அதைக் கேமரா கண்டுபிடிக்கிறதென்றால் வேறு எந்தப் பறவையையும் பிடித்துவிடும். ஃபோகஸ் பட்டியலில் 'விலங்கு' என்று இருந்ததைப் 'பறவை' என்று மாற்றியதும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. வானத்தை ஒட்டிப் பறக்கும் காக்கை வெறும் நிழலாக விழுந்தது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றினால் இறகு தெரிந்தது. கொக்குக்கு இதற்கு நேரெதிர். பின்னால் இருட்டான மரம் இருந்தால் -0.7 அல்லது -1க்கு இறக்காவிட்டால் வெள்ளை இறகு சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும்.

இப்போது டயலில் நாமே அமைத்துவைக்கும் இடங்களில் சி1 உட்கார்ந்த பறவைக்கு: 1/640, எலக்ட்ரானிக் ஷட்டர், சத்தம் இல்லை. சி2 பறக்கும் பறவைக்கு: 1/2500, மெக்கானிக்கல். இரண்டிலும் மேனுவல் மோடு (ஷட்டர் வேகமும் லென்ஸ் துளையும் என் கையில்), ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கேற்ற உணர்திறனைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்). கண்ணை எடுக்காமல் கட்டை விரலால் மாற்றிக்கொள்ள முடிகிறது.

வேளச்சேரியிலிருந்து:

அண்ணா, நீங்கள் ஷட்டரைச் சொன்னீர்கள், நான் எடையைச் சொல்கிறேன். எனக்கு வலது தோளில் பழைய வலி உண்டு. சோனி 200-600 மிமீ, நிக்கான் 180-600 மிமீ லென்ஸ்கள் இரண்டுமே ஏறக்குறைய இரண்டு கிலோ. கடையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்த்தால் எல்லாருக்கும் முடியும். நான் இருபது நிமிடம் தூக்கி நின்றேன், கை இறங்கிவிட்டது. அதனால் கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) கேமராவும் ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும் 100-400 லென்ஸும் எடுத்தேன். சென்சார் சின்னது என்பதால் 400 எனக்கு 600 போலத் தெரிகிறது. இருட்டில் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி அதிகம் விழுகிறது, உண்மைதான். ஆனால் தினமும் கொண்டுபோகிறேன்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கருப்புவெள்ளை மீன்கொத்தியை எட்டு ஞாயிறு தொடர்ந்து பார்த்தேன். அது தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், தலை மட்டும் துளிகூட அசையாது, அலகு நேர் கீழே. பிறகு கல் விழுவதுபோல விழும். முதல் சில வாரங்களில் என் ஃபோகஸ் ஒவ்வொரு தடவையும் பின்னால் இருந்த கோரைப்புல்லுக்கு ஓடிவிட்டது. பறவை கண்டறிதல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பறவை சின்னதாக, பின்னணி நெருக்கமாக இருந்தால் குழம்புகிறது. ஷட்டர் பொத்தானிலிருந்து ஃபோகஸைப் பிரித்துப் பின்பக்கப் பொத்தான்களுக்குக் கொடுத்தேன். ஒன்றில் சின்ன ஃபோகஸ் புள்ளி, பக்கத்துப் பொத்தானில் முழுப் பரப்பில் கண் தேடல். முதலில் புள்ளியால் பறவையைத் தொட்டுவிட்டு, உடனே கட்டை விரலை அடுத்ததற்கு நகர்த்தினால் கண்ணைப் பிடித்துக்கொள்கிறது. எட்டாவது ஞாயிறு தண்ணீரைத் தொடும் படம் கிடைத்தது. அலகின் நுனியைச் சுற்றித் தண்ணீர் கிண்ணம்போலக் குழிந்திருந்தது.

ஒன்பது மணிக்குமேல் அங்கே நிற்காதீர்கள். வெப்பத்தில் காற்றே நெளியும். தூரத்துப் பறவை எந்த லென்ஸிலும் மங்கலாகத்தான் விழும். நான் லென்ஸில்தான் கோளாறு என்று சர்வீஸுக்கே கொண்டுபோனேன்.

கோவையிலிருந்து:

சத்தமில்லாத ஷட்டருக்காக ஒரு வார்த்தை. எங்கள் பால்கனிக் கொடிக் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி நூலும் சருகும் சேர்த்துத் தொங்கும் பை. ஜன்னல் திரைக்குப் பின்னால், அறைக்குள் நாலு மீட்டர் தள்ளி நின்றுதான் எடுத்தேன். மெக்கானிக்கலில் ஒரே ஒரு தடவை அழுத்தினேன்; இரை கொண்டுவந்த பெண் குருவி கூட்டுக்குள் போகாமல் திரும்பிவிட்டது. அப்படியே எலக்ட்ரானிக்குக்கு மாறினேன், மறுநாள்தான் மறுபடி எடுத்தேன். கூட்டுக்கு இரை கொண்டுவரும் பறவை நம்மால் ஒரு தடவை திரும்பினால்கூட, அன்றைக்குக் கேமராவை மூடிவிட வேண்டும் என்பது என் கருத்து.

பாளையங்கோட்டை அண்ணாவிடம் ஒரு கேள்வி: ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்ச வரம்பு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

பாளையங்கோட்டையிலிருந்து:

6400. விடியற்காலைக்கு மட்டும் 12800. ஐஎஸ்ஓ கூடினால் விழும் புள்ளியைப் பிறகு மென்பொருளில் குறைத்துவிடலாம் தம்பி, அசைந்து மங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.