தீயோடு மல்லுக்கட்டிய மர அரண்மனை: பெய்ஜிங்கில் நான் கண்டவை

சீனப் பேரரசர்களின் பழைய அரண்மனையான, பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரத்தைப் பார்த்து வந்தவர்கள் பெரும்பாலும் அதன் பரப்பைப் பற்றியே வியந்து பேசுவார்கள். 72 ஹெக்டேர் வளாகம், 52 மீட்டர் அகலமுள்ள அகழி என்றால் வியப்பு வரத்தான் செய்யும். ஆனால் அங்கே நடந்த நேரமெல்லாம் என் மனத்தைப் பற்றிக்கொண்டிருந்தது வேறொன்று. அந்த மண்டபங்களைத் தாங்கி நிற்பது மரம். அவற்றின் கதையோ பெரும்பாலும் தீயின் கதை.

மிங் வம்சத்தின் யோங்லே பேரரசர் 1406இல் தொடங்கிய கட்டுமானம் 1420இல் நிறைவடைந்தது. மறு ஆண்டே மின்னல் தாக்கியதில் அரண்மனையின் மையத்திலுள்ள மூன்று பெருமண்டபங்களும் எரிந்துபோயின. 1557, 1597, 1679 ஆகிய ஆண்டுகளிலும் தீ அவற்றை விடவில்லை. மூன்றடுக்கு வெண்பளிங்கு மேடைமீது இன்று நிற்கும், அவற்றில் முதன்மையான உன்னத இணக்க மண்டபம், சிங் வம்சத்தின் காங்சி பேரரசர் காலத்தில், 1695இல் மீண்டும் எழுப்பத் தொடங்கியதாகும். முதற்கட்டுமானத்துக்குத் தென்மேற்குக் காடுகளிலிருந்து ஆற்றுவழியே வந்த நன்மு மரங்களைப் போன்ற பெருமரங்கள் அப்போது கிடைக்காததால், வடகிழக்கிலிருந்து பைன் மரங்களைக் கொண்டுவந்தார்கள். உள்ளே நுழைய அனுமதியில்லை; கூட்டத்தோடு நின்று வாசல்வழியேதான் பார்க்க முடிந்தது. 72 தூண்களில் அரியணையைச் சூழ்ந்த ஆறு மட்டும் பொன்னிற டிராகன்களோடு மின்னுகின்றன. கூரையின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கும் அடுக்கு மரத்தாங்கிகள், நம் கோயில் போதிகைகளைப் போன்ற வேலையைச் செய்பவை, ஒன்றுக்குள் ஒன்று கோக்கப்பட்டு, நில அதிர்வின்போது சற்றே அசைந்து கொடுக்கின்றன.

மண்டபத்தின் இருபுறமும் உள்ள சுவர்களைப் பலரும் கவனிப்பதில்லை. முன்பு அங்கே மர நடைகூடங்கள் இருந்தன. பக்கத்திலிருந்து தீ தாவாதிருக்க, மறுகட்டுமானத்தில் அவற்றுக்குப் பதிலாகத் தடித்த சுவர்களை எழுப்பினார்கள். முற்றங்களில் நிற்கும் பெரிய உலோகக் கொப்பரைகளும் தீயணைக்க நீர் சேமித்து வைத்தவையே. குளிர்காலத்தில் நீர் உறையாதிருக்க அடியில் கரி மூட்டிச் சூடேற்றினார்கள் என்று அறிந்தபோது, இப்பணிக்கென்றே வாழ்ந்த பெயர் தெரியாத ஊழியர்களை நினைத்துக்கொண்டேன். பொன்முலாம் பூசிய கொப்பரைகளில் சுரண்டிய தடங்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. 1900இல் புகுந்த அந்நியப் படையினர் சுரண்டியவை என்பது பரவலான கூற்று. வென்யுவான் நூலகத்துக்கு, வளாகத்தின் வழக்கமான மஞ்சள் ஓட்டுக்குப் பதிலாகக் கறுப்பு ஓடு வேய்ந்ததிலும் இதே அச்சம்தான் தெரிகிறது. ஐந்து பூதங்களைப் பற்றிய சீனக் கோட்பாட்டில் கறுப்பு நீருக்குரிய நிறம்.

இத்தனைக்குப் பிறகும் 1923இல் ஜியான்ஃபூ அரண்மனைத் தோட்டம் எரிந்தது. அப்போது பதவியிழந்தும் உள்ளே வாழ்ந்துகொண்டிருந்த கடைசிப் பேரரசர் புயீ, களவை மறைக்கத் தீ வைத்ததாகச் சந்தேகித்து விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண் ஊழியர்களில் பெரும்பாலோரை வெளியேற்றினார். மறு ஆண்டு அவரும் வெளியேற்றப்பட்டார். 1925 அக்டோபரில் அரண்மனை அருங்காட்சியகமாயிற்று.

மூன்று பெருமண்டபங்களில் கடைசியான இணக்கம் காக்கும் மண்டபத்தின் பின்புறம் சென்று, 16 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒற்றைக்கல் சரிவைத் தவறாமல் பாருங்கள். மிங் காலத்துக் கல் அது. குளிர்காலத்தில் சாலையில் நீரூற்றிப் பனிப்பாதை அமைத்து இழுத்துவந்தார்கள் என்பார்கள். இன்றுள்ள செதுக்கு வேலை சியான்லாங் பேரரசர் காலத்தது. செல்பவர்கள் கடவுச்சீட்டைக் கொண்டு முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். நுழைவு தெற்கு வாயிலில், வெளியேறுவது வடக்கில். எதிரே உள்ள ஜிங்ஷான் குன்றில் ஏறினால் கூரைகள் அனைத்தையும் ஒருசேரக் காணலாம்.