வாரண்டிக்குள்ளயே உட்கார்ந்த இன்ஜின்கள்: பார்த்ததைப் போடுங்க

சம்ப்பிளக்_ஈரோடு

பிராண்டு பேர் வேண்டாம், ஷோரூம் பேரும் வேண்டாமுங்க. பிஎஸ்6 டீசல் எஸ்யூவி, 34,000 கி.மீ., முழுக்க டவுன் ஓட்டம். ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல டிபிஎஃப் (சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர்) லைட் எரியுதுன்னு ஷோரூம் போயிருக்கு. நிக்க வச்சே ஃபோர்ஸ்டு ரீஜென் (அந்த ஃபில்டர்ல சேர்ந்த கரியைக் கட்டாயமா எரிக்கறது) போட்டு லைட்டை அணைச்சுட்டாங்க. ஜாப் கார்டுல "ஆயில் லெவல் ஓகே"ன்னு ஒரு டிக். அடுத்த வாரமே பெருந்துறை தாண்டறதுக்குள்ள ஆயில் லைட், கீழ இருந்து டக்டக்னு சத்தம், அப்புறம் இன்ஜின் சுத்தாம ஜாம்.

சம்ப் (இன்ஜின் அடியில ஆயில் தங்கற தொட்டி) பிளக்கைக் கழட்டி அளவு கேன்ல பிடிச்சா 7.4 லிட்டர். அந்த இன்ஜின் பிடிக்கிறதே 6 லிட்டர்! மீதி 1.4 லிட்டரும் டீசல். பிளக் வந்தவுடனே ஆயில் நூல் மாதிரி இறங்கணும். இது சளசளன்னு கொட்டி கேனுக்கு வெளிய தெறிச்சுது. கை பூரா டீசல் வாடை.

ரீஜென் நடக்கறப்ப டிபிஎஃப் உள்ள 600 டிகிரி கிட்ட சூடு வேணும். அதுக்கு எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் பக்கம் கூடுதலா டீசல் அடிக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர்ல ஒட்டி, பிஸ்டன் ரிங் தாண்டி சம்ப்புக்கு இறங்கும். பாதி ரீஜென்ல சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணா, அடுத்த ஸ்டார்ட்டுல மறுபடி முதல்ல இருந்து. இப்படியே நாலஞ்சு தடவை அரைகுறையா நின்னா ஆயில் லெவல் ஏறும். ஃபோர்ஸ்டு ரீஜென் போட்டா கையோட ஆயில் மாத்தணும், குறைஞ்சது டிப்ஸ்டிக்காவது பார்க்கணும். மேக்ஸ் கோட்டுக்கு மேல ஏறியிருந்தா அது ஆயில் இல்லைங்க, டீசல்.

ஷோரூம் பதில்: "ஓட்டற விதம் சரியில்ல, வாரண்டி வராது." அந்த டிக் போட்ட பேப்பர்தான் இன்னும் கண்ணுல உறுத்துது.

பேரிங்ஷெல்

டீசல் கலந்ததுனாலதான் ஜாம்னு ஷெல்லை, அதான் கிராங்க் சுத்தற பேரிங் தகட்டை, பார்க்காம எப்படிண்ணே முடிவு பண்ணீங்க? கலந்த ஆயில்லயும் பல மாசம் ஓடற வண்டி இருக்கு. பிக் எண்டு (பிஸ்டன் தண்டான கன்ராட் கிராங்க்ல மாட்டற முனை) ஷெல் எட்டையும் கழட்டி வரிசையா அடுக்குங்க, அதுவே சொல்லும். எல்லா ஷெல்லும் ஒரே மாதிரி தேஞ்சு செம்பு நிறம் தெரிஞ்சா ஆயில் நீர்த்துப் போனது, இல்லன்னா பிரஷர் மொத்தமா குறைஞ்சது. ஒண்ணு மட்டும் உருகி வழிச்ச மாதிரி இருந்து, அந்த ஜர்னல் (ஷெல் உட்கார்ற கிராங்க் பகுதி) நீலம் பாரிச்சிருந்தா அந்தக் கிராங்க் ஆயில் ஓட்டை அடைப்பு. நீளவாக்குல கோடு கோடா கீறி பொடி பதிஞ்சிருந்தா ஆயில்ல உலோகத்தூள். ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா கன்ராட் வளைவு. பிளாஸ்டிகேஜ் (நசுங்கற அகலத்தை வச்சு இடைவெளி அளக்கற இழை) வச்சா பிக் எண்டு கிளியரன்ஸ் பொதுவா 0.03–0.06 மி.மீ. வரணும். 0.1 தாண்டினாலே சூட்டுல ஐடில் பிரஷர் நிக்காது.

எனக்கு மறக்காதது வேற வண்டி. பெட்ரோல் டர்போ. வாரண்டியில சண்டை போட்டு ஹாஃப் இன்ஜின் (ஹெட் இல்லாம பிளாக், கிராங்க், பிஸ்டன் மட்டும் உள்ள செட்) வாங்கியிருக்காங்க. புது ஹாஃப் இன்ஜின் ஏறி 900 கி.மீ.ல மறுபடி தட்டுது. ஷோரூம்ல "புது இன்ஜின் செட் ஆகட்டும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஃபில்டரைக் கழட்டி அறுத்துப் பார்த்தோம். மடிப்புக்கு மடிப்பு ஜிகினா. காந்தம் வச்சா பாதி ஒட்டுது, பாதி ஒட்டல. ஒட்டினது கிராங்க் இரும்பு, ஒட்டாதது ஷெல் மெட்டல். புது இன்ஜின்ல இவ்வளவு எங்கிருந்து வரும்? பழைய ஆயில் கூலரை அப்படியே தூக்கி மாட்டியிருக்காங்க. பழைய இன்ஜின் கரைச்சுத் தள்ளின தூளெல்லாம் அதுக்குள்ளதான் உட்கார்ந்திருந்தது.

ஜாம் ஆன இன்ஜினுக்கு ஹாஃப் இன்ஜின் போட்டா ஆயில் கூலர் கட்டாயம் புதுசு. அதை எந்தக் கெமிக்கல் ஊத்தியும் கழுவ முடியாது. டர்போவுக்குப் போற ஆயில் பைப் புதுசு, டர்போ ஷாஃப்ட் ஆட்டம் பார்க்கணும். ஹெட்ல இருக்கற ஆயில் வழி, விவிடி சாலினாய்டுல (வால்வு டைமிங்கை மாத்தற ஆயில் வால்வு) இருக்கற பொடி வலை, ஃபில்டர் ஹவுசிங் எல்லாம் பிரிச்சுக் கழுவணும். எஸ்டிமேட்ல இந்த அயிட்டம் இல்லன்னா ரெண்டாவது ஜாமுக்கு முன்பதிவு பண்றீங்கன்னு அர்த்தம்.

ஃபில்டர் அறுக்க ஹாக்ஸா பிளேடு வேண்டாம், பிளேடு பொடியே உள்ள விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டர் இல்லாட்டி உளி வச்சு விளிம்பைத் திறங்க.

ஸ்கூட்டி_திருச்சி

எல்லாரும் கார் பத்தியே பேசறீங்க. 110 சிசி ஸ்கூட்டர், மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குக் கீழ. மூணு ஃப்ரீ சர்வீஸ் பில்லுலயும் "இன்ஜின் ஆயில் – 1" இருக்கு, காசும் வாங்கியிருக்காங்க. 9,000 கி.மீ.ல பிஸ்டன் பிடிச்சுது. வண்டியைச் சாய்ச்சுப் பார்த்தா டிரெயின் போல்ட்ல ஃபேக்டரில வச்ச மஞ்சள் பெயிண்ட் கோடு உடையாம அப்படியே இருக்கு. போல்ட்டையே திருப்பல! மேல ஊத்தினாங்களா, அதையும் ஊத்தலையா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இனிமே சர்வீஸ் விடறதுக்கு முன்னாடி போல்ட்லயும் கேஸ்லயும் சேர்ந்த மாதிரி ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வச்சு ஃபோட்டோ எடுங்க. போல்ட்டைத் திருப்பினா கோடு விலகும். கார் ஃபில்டருக்கும் இதே வித்தை.

ஓஎம்ஆர்_டோ

வெள்ளத்துல நின்ன வண்டி வேற டாபிக்னு சொல்லாதீங்க, ஷோரூம் பண்ற வேலைதான் இங்க விஷயம். பெட்ரோல் செடான், தண்ணியில ஓடி நின்னது. ஷோரூம்ல ஏர் ஃபில்டர், ஆயில் மாத்தி, பிளக்கைக் காய வச்சு ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துட்டாங்க. மழை முடிஞ்சு வெயில் காலத்துல கன்ராட் பிளாக்கைக் கிழிச்சுட்டு வெளிய வந்துச்சு. "நார்மல் தேய்மானம்"னு ரிப்போர்ட்.

உள்ள தண்ணி போன சிலிண்டர்ல பிஸ்டன் ஏறும்போது தண்ணி அமுங்காது, கன்ராட்தான் வளையும். வளைஞ்ச ராடோட இன்ஜின் ஓடும், அதான் ஏமாத்துற விஷயமே. கம்ப்ரஷன் டெஸ்ட் போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்: மூணு சிலிண்டர் 175–180 பிஎஸ்ஐ காட்டும், ஒண்ணு மட்டும் 150. லீக் டெஸ்ட் போட்டா காத்து எங்கயும் கசியாது. கசிவு இல்லாம கம்ப்ரஷன் மட்டும் குறைஞ்சா பிஸ்டன் மேல வரைக்கும் ஏறலன்னு அர்த்தம். பிளக் ஓட்டையில டயல் கேஜ் கம்பி விட்டு நாலு பிஸ்டனையும் உச்சியில நிறுத்தி அளந்தா வித்தியாசம் மி.மீ.லயே நிக்கும்.

தண்ணியில நின்னா சாவி போடாதீங்க. பேட்டரி கழட்டி, டோ பண்ணி, பிளக்கு இல்லன்னா இன்ஜெக்டரை எடுத்துட்டு கிராங்க் புல்லியை ஸ்பேனர் போட்டுக் கையால ரெண்டு சுத்து சுத்துங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல நின்ன வண்டிங்களை செல்ஃப் அடிச்சே கொன்னவங்க சென்னையில எத்தனையோ பேர். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசியில அதுக்குப் பைசா வராது.

பழைய_அட்வைசர்

ஈரோட்டு அண்ணன் சொன்னதுல ஒரு விஷயம் இடிக்குது. வாரண்டி இருக்கற வண்டியோட சம்ப் பிளக்கை வெளிய கழட்டினா, "ஆயிலை நீங்களே மாத்திட்டீங்க"ன்னு சொல்ல ஷோரூமுக்கு நீங்களே பேனா எடுத்துக் கொடுத்த மாதிரி. 7.4 லிட்டரை அவங்க யார்டுல, அவங்க ஆளை வச்சு அளந்திருக்கணும்.

ஷோரூம் உள்ள என்ன நடக்குதுன்னா, வாரண்டி வேலைக்குக் கூலியைக் கம்பெனி கொடுக்கும், கஸ்டமர் பே ரேட்டை விடக் கம்மியா. கிளெய்ம் ரிஜெக்ட் ஆனா பார்ட்ஸ் காசு ஷோரூம் தலையில. அதனால சந்தேகம்னு வந்தாலே முதல் பதில் "வாரண்டி வராது". சொல்றது பெரும்பாலும் சர்வீஸ் அட்வைசர் வாய்தான், கம்பெனி இல்ல. அந்த "வராது"ங்கறதை எழுத்துல கேளுங்க, வாரண்டியில எந்த ஷரத்துப்படின்னு. பாதி இடத்துல அங்கயே சுருதி மாறும்.

ஜாப் கார்டுல புகாரை அவங்க "அப்நார்மல் நாய்ஸ்"னு எழுதுவாங்க. விடாதீங்க. "ஓடும்போது ஆயில் லைட் எரிந்தது, சத்தம் வந்தது, உடனே நிறுத்தப்பட்டது, அதன்பின் ஸ்டார்ட் செய்யவில்லை, கி.மீ. இவ்வளவு"ன்னு எழுத வைங்க. கீழ இன்னொரு வரி: "வாடிக்கையாளர் முன்னிலையில் மட்டுமே இன்ஜினைப் பிரிக்க வேண்டும், பாகங்களை அகற்றக் கூடாது." கையெழுத்துப் போட்ட காப்பி வாங்கிட்டுத்தான் இடத்தை விட்டு நகரணும்.

பேட்டரி கழட்டறதுக்கு முன்னாடி ஸ்கேன் பிரிண்ட் கேளுங்க. ஃபால்ட் கோடோட ஃப்ரீஸ் ஃபிரேம் வரும், அந்த நேரத்து ஆர்பிஎம், சூடு, லோடு எல்லாம் அதுல இருக்கும். நிறைய டீசல்ல கடைசி ரீஜென் எத்தனை கி.மீ. முன்னாடி, எத்தனை பாதில நின்னுதுங்கறதும் ஸ்கேனர்ல படிக்கலாம். "சூடாகியும் ஓட்டினார்"னு சொன்னா, சூடு 90 டிகிரிலதான் இருந்துதுன்னு இந்தப் பேப்பர் பேசும்.

பிரிக்கிற கூலி முன்பணம் கேப்பாங்க. தயாரிப்புக் குறைன்னு தெரிஞ்சா அந்தக் காசு திரும்பும்னு எழுதி வாங்கிட்டுக் கட்டுங்க. கம்பெனி கஸ்டமர் கேருக்கு அன்னைக்கே மெயில், ஜாப் கார்டு நம்பரோட. ஃபோன்ல பேசினதையெல்லாம் மெயில்ல "இன்று நீங்கள் சொன்னது"ன்னு திருப்பி அனுப்புங்க. மறுக்கலன்னா அதுவே ரெக்கார்டு.

சம்ப்பிளக்_ஈரோடு

அட்வைசர் சார், எழுத்துல "வாரண்டி ரிஜெக்டட்"னு வாங்கின பிறகுதான் வண்டி வெளிய வந்துது. அளந்தது வீடியோ இருக்கு, 200 மி.லி. சாம்பிள் சீல் பண்ணி லேபுக்கும் போயிருக்கு. பேரிங்ஷெல் தம்பி, ஷெல் எட்டும் செம்புங்க. போதுமா?

பேரிங்ஷெல்

எட்டும் செம்புன்னா ஒத்துக்கறேன்ணே. மெயின் ஷெல்லும் (பிளாக்ல கிராங்க் உட்கார்ற இடத்துத் தகடு) பார்த்துடுங்க.

மனுதாரர்

யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன். ஷோரூம் வாசல்ல கத்தறதை விட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உபயோகம். முதல்ல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுல தீரலன்னா மாவட்ட ஆணையம். நீங்க கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டத்துலயே போடலாம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வண்டி வாங்கின ஊர்லதான் போடணும்னு இல்ல, நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை கிளம்பின நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். "பார்க்கிறோம் சார்"னு இழுத்தடிக்கிற நாளும் அதுல ஓடிட்டேதான் இருக்கும்.

எதிர் மனுதாரரா ஷோரூம், கம்பெனி ரெண்டையும் சேருங்க. ஒருத்தரை விட்டா இன்னொருத்தர் அவரைக் கை காட்டிட்டுத் தப்பிப்பார். டாக்ஸி ஓட்டறவங்களுக்கு, சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டற வண்டின்னா நீங்களும் நுகர்வோர்தான்.

வழக்கு தோக்கறது எங்கேன்னா நிபுணர் அறிக்கையில. தயாரிப்புக் குறைன்னு சொல்றவர்தான் நிரூபிக்கணும். சட்டத்துல 38(2)(சி) பிரிவு இருக்கு, சோதனை இல்லாம குறையைத் தீர்மானிக்க முடியாதுன்னா ஆணையமே சாம்பிளை சீல் பண்ணி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதுக்கு இன்ஜின் பிரிச்ச நிலையில அப்படியே இருக்கணும். ரிப்பேர் பண்ணி ஓட்டிக்கிட்டே கேஸ் போட்டா அனுப்ப என்ன இருக்கு? புது வண்டியே வேணும்னு கேக்கறவங்க நிறைய, கிடைக்கறது பெரும்பாலும் இன்ஜின் மாத்தலும் இழப்பீடும். மனுவுல ரெண்டையும் மாற்றுக் கோரிக்கையா எழுதுங்க. ஃபோர்ஸ்டு ரீஜென் போட்டு ஆயில் பார்க்காம அனுப்பினது இருக்கே, அது தயாரிப்புக் குறையே இல்ல, சேவைக் குறைபாடு. அந்த ஜாப் கார்டு டிக்தான் உங்க முதல் ஆவணம்.

டெட்ராய்ட்_மாமா

இங்க அமெரிக்காவுலயும் கதை இதுதான், ஆனா ரீகால்ல வந்து நிக்கும். 2015ல ஹூண்டாய் 2011–12 சொனாட்டா சுமார் 4,70,000 வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க, கிராங்க் ஆயில் ஓட்டை குடைஞ்சப்ப தங்கின உலோகத்தூள் பேரிங்கைத் தின்னுச்சுன்னு. 2025 ஏப்ரல்ல ஜிஎம் 6.2 லிட்டர் வி8, கிட்டத்தட்ட 6,00,000. அதுல சோதனையில பாஸான வண்டிக்கு மெல்லிசான 0டபிள்யூ-20 ஆயிலை எடுத்துட்டு கெட்டியான 0டபிள்யூ-40 ஊத்தறாங்க. மெல்லிசு ஆயிலே எல்லாத்துக்கும் சரின்னு அடம் பிடிக்கிறவங்க கவனிக்கணும்.

பேரிங்ஷெல்

மாமா, அது அந்த ஒரு இன்ஜினுக்குக் கம்பெனியே சொன்ன மாத்தம். இதைப் படிச்சுட்டு நாளைக்கே டிபிஎஃப் வண்டியில 20டபிள்யூ-50 ஊத்த நாலு பேர் கிளம்புவான். டிபிஎஃப் வண்டிக்கு சாம்பல் கம்மியான சி வகை ஆயில்தான், கையேட்டுல போட்ட கிரேடு. வேற ஊத்தினா வாரண்டி போறது ஒரு பக்கம், ஃபில்டர் சாம்பல்ல அடைச்சு ரீஜென் இன்னும் அடிக்கடி போடும்.

பழைய_அட்வைசர்

ஹாஃப் இன்ஜின் கிடைச்சவங்களுக்கு ஒண்ணு. பிளாக் மாறினா இன்ஜின் நம்பர் மாறும். ஷோரூம் பில்லுல புது நம்பர் அடிச்சு வாங்குங்க, அதை வச்சு ஆர்டிஓவுல ஆர்சியில ஏத்தணும், இன்ஷூரன்ஸுக்கும் எழுதிக் கொடுக்கணும். டெலிவரி அவசரத்துல இதை யாரும் சொல்ல மாட்டாங்க. அடுத்த ஆக்சிடென்ட் கிளெய்ம்ல சர்வேயர் பிளாக்குல டார்ச் அடிச்சு நம்பர் படிக்கும்போதுதான் வெளிய வரும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டிட்டு ஆயில் லைட் அணையற வரைக்கும் செல்ஃப் அடிக்கணும், ஒரே மூச்சா இல்லாம விட்டு விட்டு. கூடவே நில்லுங்க. 1,000 கி.மீ.ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, ஃபில்டரை அங்கயே அறுக்கச் சொல்லுங்க.