முகத்தில் விழும் பட்டை நிழல் கூர்மையாக வரவில்லை: ஒளிப்பதிவாளர்களின் உதவி தேவை

பண மோசடியை மறைக்கும் ஒரு கணக்காளரைப் பற்றிய கறுப்பு வெள்ளைக் குறும்படத்தில், அவர் பொய் சொல்லும் நேரத்தில் வெனீஷியன் பிளைண்டின் (கிடைமட்டப் பட்டிகளால் ஆன ஜன்னல் மறைப்பு) நிழல் முகத்தில் பட்டை பட்டையாக விழ, ஒரு கண் மட்டும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஜான் எஃப். சைட்ஸ் ஒளிப்பதிவு செய்த ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் (1944) காப்பீட்டு முகவர் வால்டர் நெஃப் மீது விழும் சிறைக்கம்பி போன்ற நிழல்தான் முன்மாதிரி, அவன் எங்கே போய்ச் சிக்குவான் என்பதை வசனத்துக்கு முன்பே அது சொல்லிவிடுகிறது.

படப்பிடிப்பு அறை 10க்கு 12 அடி, சுவர்கள் வெள்ளை, கூரை தாழ்வு. முதலில் எல்.இ.டி. பேனலைப் பயன்படுத்தினோம், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூஷன் திரையைக் கழற்றிய பிறகும் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மங்கிவிட்டன. ரிஃப்ளெக்டர் இல்லாத 60 வாட் சி.ஓ.பி. விளக்குக்கு (சிறிய பரப்பிலிருந்து ஒளி தரும் எல்.இ.டி.) மாறியதும் பட்டைகள் கூர்மையாயின. ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி நிழற்பகுதியைச் சாம்பல் நிறமாக்குகிறது. ஃபிலிம் நுவார் (film noir) எனப்படும் இருண்ட குற்றப் படங்களில் அந்தக் கறுப்புதானே பாதி நடிப்பு! எதிர்ச்சுவரில் கறுப்புத் துணி கட்டியதில் ஓரளவே பலன் கிடைத்தது. எக்ஸ்போஷரைக் குறைத்தால் கண்ணில் விழும் வெளிச்சமும் சேர்ந்து மங்குகிறது. சுவருக்கு வண்ணம் பூச வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை. அடுத்த வாரம் படப்பிடிப்பு.

இந்த அறையில், இதே ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு, கண்மேல் விழும் பட்டையின் வெளிச்சம் குறையாமல் மீதி முகத்தை முழுக் கறுப்பில் வைப்பது எப்படி?