போக்குவரத்து இல்லாத பங்காளிகளுக்கும் பத்திரிகை வைக்க வேண்டுமா?

கேள்வி: மதுரையில் தை மாதம் என் தங்கையின் திருமணம். மண்டபம் சிறியது என்பதால், தாத்தாவின் தம்பி வழியில் வந்த, பல ஆண்டுகளாக நல்லது கெட்டதுகளில் கலந்துகொள்ளாத பங்காளிகளுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் பத்திரிகை அனுப்பலாமா?

பதில் 1: உங்கள் அப்பாவின் மொய் நோட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ மொய் எழுதியவர்களின் பெயர் அதில் இருந்தால், அவர்களை வாட்ஸ்அப்போடு நிறுத்துவது முறையாகாது.

பதில் 2: குலதெய்வத்தின் முன் முதல் பத்திரிகையை வைத்த பிறகு, தாய்மாமன், அத்தை, நெருங்கிய பங்காளிகள் ஆகியோர் வீடுகளுக்குப் பெற்றோர் இருவருமாகச் சென்று, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்துடன் பத்திரிகை வைப்பதே எங்கள் பக்க வழக்கம். தூரத்து உறவினர்களுக்கு அப்பாவே தொலைபேசியில் அழைத்துவிட்டுப் பிறகு அனுப்பினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நீங்கள் அழைத்தால் சொல்வார்கள். இடநெருக்கடிக்கு, அலுவலக நண்பர்களை முந்தைய நாள் மாலை வரவேற்புக்கு மட்டும் அழையுங்கள். முகூர்த்தத்துக்கு வருவோர் பந்தி பந்தியாகத்தான் சாப்பிடப் போகிறார்கள்.

பதில் 3: அழைப்பதைவிடச் சிக்கலானது, பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதன் கீழ் அச்சாகும் பெயர்கள்தான். அச்சுக்குக் கொடுக்குமுன் பெரியப்பாவிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.