பைண்டிங் தப்பா, கதையே அப்படியா?

கோவை, பள்ளி ஆசிரியை

எங்கள் வாசிப்புக் குழுவில் பதினோரு பேர். மாதம் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி, முறுக்கும் காபியும். போன மாதம் எடுத்தது 1887-ல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தலைகாட்டும் நாவல். (இன்னும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிச்சையெல்லாம் அவிழ்க்கப் போகிறேன்.)

முதல் ஏழு அத்தியாயம் லண்டன். காலி வீட்டில் ஒரு பிணம், சுவரில் ரத்தத்தால் எழுதிய ஒரு சொல். ஏழாவதின் முடிவில் பெட்டி தூக்க வந்த குதிரைவண்டிக்காரன் கையில் ஹோம்ஸ் விலங்கை மாட்டி, இவன்தான் கொலையாளி என்கிறார். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அமெரிக்கப் பாலைவனம், 1847. தாகத்தில் சாகக் கிடக்கும் ஓர் ஆளும் ஒரு சின்னப் பெண்ணும். ஹோம்ஸைக் காணோம், கதை சொல்லிவந்த அவர் நண்பர் வாட்சனையும் காணோம்.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு எங்கள் குழுவின் ஓய்வுபெற்ற பேங்க் சார் போன் செய்தார். "டீச்சர், என் புத்தகத்துல பைண்டிங் தப்பாயிருக்குதுங்க. வேற ஏதோ கதை உள்ள வந்திருச்சு. கடையில மாத்திக்கட்டுங்களா?"

"அதுதான் சார் கதை. படிங்க" என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் என் பிரதியை வாங்கி, பக்க எண்ணை ஒத்துப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

வந்தவர்களில் நான்கு பேர் பாலைவனத்தைத் தாண்டிக் குதித்து, வாட்சன் திரும்பி வரும் கடைசி இரண்டு அத்தியாயத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொலை புரிந்திருந்தது. இரண்டு மாத்திரை, ஒன்றில் விஷம், ஒன்று சும்மா, எதை எடுப்பாய் என்று எதிரியிடமே நீட்டுவது எல்லாம். ஆனால் அவர்களுக்கு வண்டிக்காரன் வெறும் கொலைகாரன். அந்தப் பாலைவனப் பகுதியை, அதாவது யூட்டாவில் நடக்கும் கதையைப் படித்தவர்கள் வேறு ஆளைப் பார்த்திருந்தார்கள். பாலைவனத்தில் கிடந்த அந்த ஆள்தான் ஃபெரியர். அவர் மகளாக வளர்த்த அந்தப் பெண்ணைத் தாங்கள் சொல்கிற இடத்தில் கட்டிக்கொடுக்க, மார்மன் என்ற மதக் குழுவினர் கெடு வைக்கிறார்கள். அவளைக் காதலிக்கும் இளைஞன்தான் பின்னாளில் அந்த வண்டிக்காரன். ஒரு காலை அவர் போர்வையின்மேல் இன்னும் 29 நாள் என்று ஒரு சீட்டு. மறுநாள் கூரையில் கரிக்கட்டையால் 28. பூட்டிய வீட்டுக்குள் யார் வந்து எழுதுகிறார்கள் என்றே தெரியாது. மார்மன் மதத்தவரை மொத்தமாக வில்லன்களாக்கியது எனக்கு உடன்பாடில்லை, அது தனிச் சண்டை. ஆனால் அந்த எண்கள் குறையக் குறைய வயிற்றைப் பிசைந்தது.

எதிர்வீட்டு அக்கா சொன்னது: "லண்டன்ல அவன் எப்ப மாட்டுவான்னு இருந்துச்சு. இங்க அவன் சீக்கிரம் வந்து சேரணுமேன்னு இருந்துச்சு. ரெண்டும் ஒரே ஆளு."

இரண்டு கதை ஓடும் க்ரைம் நாவலில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஈரோடு, மளிகைக் கடை

அந்த பேங்க் சாருக்கு ஒரு கும்பிடு. எனக்கு நிஜமாகவே பைண்டிங் தப்பு.

பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்க தெருவில் ஒரு வாடகை நூலகம். மாத நாவல்கள் மூன்று நான்கைச் சேர்த்துத் தைத்து காக்கி அட்டை போட்டிருப்பார். எல்லாம் க்ரைம் கதை எழுத்தாளர் ராஜேஷ்குமார். அவரை வாசித்தவர்களுக்குத் தெரியும், ஓர் அத்தியாயம் இங்கே, அடுத்தது அங்கே, ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை, கடைசியில் இரண்டும் நேருக்கு நேர் முட்டும். நான் எடுத்ததில் ஒரு டிராக் ஆஸ்பத்திரி, ஒரு டிராக் எஸ்டேட். நடுவில் திடீரென்று ஒரு கல்யாண மண்டபம். அடேயப்பா, மூணு டிராக்! மணப்பெண்தான் ஆஸ்பத்திரிக்காரரைக் கொன்றிருப்பாள் என்று கூட்டாளிகளிடம் பந்தயமே கட்டினேன். நாவல் முடிந்தது, மணப்பெண் திரும்பி வரவேயில்லை. வேறொரு நாவலின் பக்கங்களை இதில் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

நூலகக்காரரிடம் கேட்டேன். "நாலணா வாடகைக்கு ரெண்டு கதை பத்தாதாடா உனக்கு?" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததா இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திருச்சி, இல்லத்தரசி

எங்க அத்தை வாரப் பத்திரிகைத் தொடரில் குடும்ப டிராக்கை மட்டும் படிப்பார். போலீஸ் டிராக் மாமாவுக்கு. ராத்திரி சாப்பாட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ரசம் ஊற்றும்போது அத்தை முக்கியமான ஒன்றை மறைத்துவிடுவார். மாமா சாப்பிட்டதும் கை கழுவிவிட்டுப் புத்தகத்தைத் தேடுவார்.

மதுரை, மெடிக்கல் ரெப்

எனக்கு இந்த இரட்டை டிராக் ஒத்துவரவில்லை. இரண்டில் ஒன்று எப்போதும் சப்பையாக இருக்கும், நல்லது சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அதை நடுவில் செருகுவார்கள். சேரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு தற்செயல். பஸ்ஸில் பக்கத்து சீட், தொலைந்துபோன தம்பி, இப்படி. முடிச்சு போடத் தெரியாதவன் இரண்டு கயிறு எடுத்து என்ன பயன்? டாயில் நாவல் தேவலை, இரண்டு பாதியையும் ஒரே ஆள் கட்டி இழுக்கிறான்.

கோவை, கல்லூரி மாணவன் (டீச்சர் குழுவின் கடைக்குட்டி)

டீச்சர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். டாயில் ஏன் பாலைவனத்தை மொத்தமாக ஒரே கட்டாக வைத்தார், ராஜேஷ்குமார் மாதிரி மாற்றி மாற்றி வைத்திருந்தால் என்ன என்று அன்றைக்குச் சண்டை. அதனால் இந்த மாதம் நான் நாவலை ஜெராக்ஸ் எடுத்து, லண்டன் ஒன்று, யூட்டா ஒன்று, லண்டன் இரண்டு, யூட்டா இரண்டு என்று அடுக்கி ஸ்டேப்ளர் போட்டேன். கதையே தெரியாத என் சித்தியிடம் முதலில் கொடுத்தேன்.

மூன்றாவது ஜோடியிலேயே கதை கந்தல். லண்டன் மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவன் பெயர் டிரெப்பர் என்று வருகிறது. யூட்டா மூன்றாம் அத்தியாயத்தில், பெண்ணைக் கட்டத் தகுதியான பையன்கள் என்று சொல்லும்போது அதே டிரெப்பர் பெயர். சித்தி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "அந்தப் பொண்ணு விஷயத்துக்குத்தானேடா இவனைக் கொன்னது? அந்தக் குதிரைக்காரப் பையனா?" என்றார். மாற்றி மாற்றிச் சொல்கிறவர்கள் கடைசி வரை ஒரு டிராக்கின் பெயரை இன்னொன்றில் காட்டாமல் ஒளித்து வைக்க வேண்டும். டாயில் ஒளிக்கவில்லை. கொலையாளியைப் பிடித்துக் காட்டிய பிறகே பாலைவனத்துக்குப் போகிறார், அதனால் பெயர் தெரிந்தாலும் நஷ்டம் இல்லை. மதுரை அண்ணன் சொல்லும் கயிறு விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஜெராக்ஸ் கட்டை பேங்க் சார் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து எனக்கு போன்.

"தம்பி, இதுலதான் பைண்டிங் சரியா இருக்கு."